அம்மாவுக்கு ஒரு மெமோ

‘பெறுநர்’ என்ற இடத்தில் அம்மாவின் முழுப் பெயரை அடிக்கும்போது ஜோவெலினுக்கு விரல் தடுமாறியது. திருமதி தியோடோரா ஆல்கோசர், தலைமைச் சமையலர், உணவுப் பிரிவு.

அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்கு அவள் தோரிங். மருத்துவமனைச் சமையலறையில் இருக்கும் ஆறு பெண்களுக்குத் தோரிங் அக்கா. ஃபேஸ்புக்கில் அவள் பக்கத்தைப் பார்க்கும் அறுபதாயிரம் பேருக்கும் அப்படியே.

அந்த அறுபதாயிரத்தைக் கொண்டாட அப்பா எப்ரென் போன வாரம் கோழி வாங்கி, தெருவே மணக்கச் சுட்டது எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அவர். இப்போது மனைவிக்குக் கேமராமேன். வேலை முடிந்து வந்ததும் தோரிங் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். எதையாவது கிண்டிக்கொண்டே அன்றைக்கு நடந்ததைப் பேசுவாள். அவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கத்தின் சங்கதியே அவ்வளவுதான்.

மகள் ஜோவெலின் அதே மருத்துவமனையில் பணியாளர் பிரிவில் இருக்கிறாள். ஊழியர்கள் இணையத்தில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று போன மாதம் எட்டுப் பக்க விதிமுறை எழுதியவள் அவள்தான். அதில் முதலில் கையெழுத்துப் போட்டது தோரிங்.

“படிச்சியாம்மா?”

“நீ எழுதினதுதானே. தப்பாவா இருக்கப் போவுது?”

அந்த விதிமுறையை மீறிய முதல் ஆளும் இப்போது தோரிங்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு லியோனிலா என்ற பள்ளி ஆசிரியை மருத்துவமனைக்கு வந்தார். நிர்வாகி மேடம் லிம்மின் அறையில் இருபது நிமிடம் இருந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். அவர் போனதும் மேடம் லிம் ஜோவெலினைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தன் ஃபோனை மேஜையின் நடுவில் வைத்தார்.

திரையில் தோரிங் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு ஒரு தட்டு மூடின மூடியோட திரும்பி வந்துச்சு. யாருன்னு பேர் சொல்ல மாட்டேன். ஆறு வாரமா எனக்குத் தினம் சீட்டு எழுதி அனுப்புவாரு. இஞ்சி பத்தல, மிளகு எங்கன்னு. நாப்பது வருஷம் லைட்ஹவுஸ்ல தனியாச் சமைச்சுச் சாப்பிட்ட மனுஷன், நாக்கு சும்மா இருக்குமா? நானும் பதிலுக்கு எழுதுவேன். சீட்டுலயே சண்டை. இன்னிக்குச் சீட்டு வரல, தட்டு மட்டும் வந்துச்சு. நல்லபடியாப் போய்ட்டு வாங்க ஐயா. அங்க யாரு சமைக்கறாங்களோ, அவங்க பாவம்.”

எழுபத்து மூன்று நொடி. அதைப் பார்த்தவர்கள் இரண்டு லட்சத்து சொச்சம்.

“பெரியவர் போனது புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு” என்றார் மேடம் லிம். “இது வந்தது ஆறு மணிக்கு. அவரோட மகன் நெஸ்டர், எண்ணெய்க் கப்பல்ல வேலை. சிங்கப்பூர்ல கப்பல் நிக்குது. கம்பெனி மூலமா கேப்டன்கிட்டச் சொல்லி, பக்கத்துல ரெண்டு பேரை வச்சுக்கிட்டுப் பக்குவமாச் சொல்லலாம்னு அவனோட அக்கா, இப்ப வந்துட்டுப் போன டீச்சர், ஏற்பாடு பண்ணிட்டிருந்திருக்காங்க. அதுக்குள்ள அவன் கையில இது போயிடுச்சு.”

“அம்மா பேர் சொல்லலயே, மேடம்.”

“இந்தப் பக்கத்துத் தீவுகள்ல நாப்பது வருஷம் லைட்ஹவுஸ்ல இருந்தவர் எத்தனை பேர் ஜோவெலின்?”

ஒருவர்தான். ஊருக்கே தெரியும். பெயர் அபுண்டியோ. எங்கள் டுமகெட்டே ஊரில் வளர்ந்த குழந்தைகள்கூட அவரிடம் ஒரு தடவையாவது புயல் கதை கேட்டிருக்கும்.

“நாலாவது பிரிவு என்ன சொல்லுது?”

ஜோவெலின் அதைப் பார்க்காமலே சொன்னாள். “நோயாளியின் பெயரைக் குறிப்பிடாவிட்டாலும், அடையாளம் காணும்படியான எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது.” அந்த வரிக்காக ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தாள் அவள்.

“உனக்குச் சங்கடமா இருந்தா நானே டைப் அடிச்சு நானே கொடுக்கறேன்.”

“வேணாம் மேடம். என் வேலை. நானே செய்யறேன்.”

வீம்புதான் அப்படிச் சொல்ல வைத்தது. இன்னொன்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. எழுந்து போய் மெமோவை அடித்தாள்.

சமையலறையில் பத்தே முக்கால் மணிக்கு யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. பதினொன்றரைக்குத் தட்டுகள் மாடியேற வேண்டும். உப்பில்லாதது, சர்க்கரை இல்லாதது, மெல்ல முடியாதவர்களுக்கு அரைத்தது என்று எண்பது தட்டுக்கும் எண்பது விதம். தோரிங் பெரிய பானையின் முன் நின்று கஞ்சியைக் கரண்டியில் தூக்கி ஊற்றிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி ஜோவி, மாடியை விட்டு இறங்கி வந்திருக்க? பசிக்குதா?”

“இல்லம்மா. ஒரு கடிதம். வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடணும்.”

“எனக்கா? காதல் கடிதம்னா உங்கப்பன்கிட்டக் கொடு. அவர்தான் தேடிக்கிட்டிருக்காரு, யாரு எனக்கு எழுதறான்னு.”

பெண்கள் சிரித்தார்கள். தோரிங் இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கி, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

“‘திருமதி தியோடோரா ஆல்கோசர் அவர்களுக்கு.’ பாருங்கடி, எம் பொண்ணு என்னை ‘அவர்கள்’ங்கறா! வீட்டுல ஒரு நாள் கூப்பிட்டிருப்பாளா?”

மறுபடி சிரிப்பு. அடுத்த வரியையும் சத்தமாகத்தான் படித்தாள். மூன்றாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. கீரை நறுக்கிக்கொண்டிருந்த பெண் கத்தியை வைத்தாள்.

“நான் பேரு சொல்லல ஜோவி.”

“சொல்லல.”

“ரூம் நம்பர் சொல்லல. என்ன வியாதின்னு சொல்லல. யோசிச்சு யோசிச்சுத்தான் பேசினேன்.”

“லைட்ஹவுஸ்னு சொன்னம்மா.”

அது ஓர் அடையாளம் என்று தோரிங்குக்குத் தோன்றவே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது அந்த மனிதரின் நாக்கு ருசிக்கு ஒரு காரணம், அவ்வளவே.

“அந்தப் பையனுக்கு அதுவரைக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“பாக்கும்போது எங்க இருந்தானாம்?”

“கப்பல்ல. சாப்பிட்டுக்கிட்டிருந்தானாம்.”

தோரிங் கண்ணாடியைக் கழற்றினாள். முப்பது வருடமாகப் பிறருக்குச் சோறு போட்டே பிழைத்தவள். மெமோவில் இருந்த எந்த வார்த்தையும் அவளை இப்படி அடிக்கவில்லை.

“சோத்துல கை வச்சிருந்தானா?” என்று மெல்லக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். “அஞ்சு நாள்ல பதில் எழுதணும், அவ்வளவுதானே? சரி, தள்ளு. கஞ்சி அடிபிடிக்குது. மேல எண்பது பேர் பசியோட இருக்காங்க.”

ஜோவெலின் வெளியே வந்து நடைவழியில் நின்றாள். உள்ளே கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சமையலறையில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை.

ஒரு மணிக்கு வாசல் மரத்தடியில் எப்ரெனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எண்பது பேருக்குச் சமைக்கிறவளுக்குத் தன் கைச் சாப்பாடு இறங்காது. அதனால் தினமும் வீட்டிலிருந்து அவர்தான் சோறும் வறுத்த கருவாடும் கட்டிக் கொண்டுவருவார். மூன்று பேரும் அந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

இன்று அவர் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. சமையலறைப் பெண்களில் யாரோ அதற்குள் செய்தி சொல்லியிருந்தார்கள்.

“பெத்தவளுக்கே மெமோவா? ஏன்டி, உன்னை இந்த வேலையில சேக்கணும்னு யாருடி அந்த லிம் அம்மா கால்ல விழுந்தது? உங்கம்மா!”

“கால்ல விழல” என்றாள் தோரிங். “ஒரு பாத்திரம் பாயசம் செஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ பரீட்சை எழுதிச் சேர்ந்தா.”

“வேற யாராவது கொடுத்திருக்கலாம்ல?”

“அவ வேலைய அவ செஞ்சா. நீங்க பஸ்ல இருந்தப்ப உங்க தங்கச்சிகிட்டயே டிக்கெட் கேட்டவர்தானே?”

“அது வேற. அவ எப்பவும் டிக்கெட் எடுக்காமத்தான் ஏறுவா.”

ஜோவெலினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை நான் பஸ்ல வரும்போதே அந்த வீடியோவப் பாத்தேன். அழுதேன். கீழ ஒரு இதயக்குறி போட்டேன். அந்த நாலாவது பிரிவு எழுதினவ நான். எனக்கே அப்பத் தோணல.”

எப்ரென் பொட்டலத்தைப் பார்த்தார். தோரிங் மகளைப் பார்த்தாள்.

“மேடம்கிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லிடு.”

“சொல்லத்தான் போறேன். இந்த விசாரணையில நான் இருக்கக் கூடாதுன்னும் எழுதிக் கொடுக்கப் போறேன். காலையிலயே செஞ்சிருக்கணும். மெமோ கொடுத்ததே தப்பு.”

“மெமோ கொடுத்தது சரி. அதுல இருக்கறது அத்தனையும் நெசம்.” தோரிங் எழுந்தாள். “மூணு மணிக்கு எனக்கு வேலை முடியுது. நான் துக்க வீட்டுக்குப் போறேன்.”

“அம்மா, கூடாது. விசாரணை முடியற வரைக்கும் புகார் கொடுத்தவங்களை நேர்ல பாக்கக் கூடாதுன்னு இருக்கு. மிரட்டப் போனீங்கன்னு சொல்லிடுவாங்க.”

“இதை ஆபீசரா சொல்றியா, மகளா சொல்றியா?”

“ரெண்டுமாத்தான் சொல்றேன்.”

“ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில். மெமோவுக்கு அஞ்சு நாள் டைம் இருக்கு. அந்த டீச்சர் முகத்துல முழிக்க அஞ்சு நாள் காத்திருக்க என்னால ஆகாது. அதுக்குத் தனியா மெமோ கொடுத்தாலும் வாங்கிக்கறேன்.”

ஜோவெலின் மாடிக்குப் போய் அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். தன் தாய் சம்பந்தப்பட்டது என்பதால் விலகிக்கொள்வதாகவும், அந்த வீடியோவுக்குத் தானே இதயக்குறி போட்டிருப்பதாகவும், தாய் துக்கம் கேட்கப் போவதாகவும், தடுத்தும் கேட்காததால் தானும் கூடப் போவதாகவும் ஒன்றுவிடாமல் எழுதினாள். மேடம் லிம் நின்றபடியே அதைப் படித்தார்.

“வேற யாரும் இப்படித் தனக்குத் தானே குழி வெட்டிக்க மாட்டாங்க” என்றார். பிறகு கடிதத்தை மடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இதயக்குறி நானும் போட்டேன். காலையில அந்த டீச்சர் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் எடுத்தேன்.”

ஜோவெலின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அரை நாள் விடுப்பில் இறங்கிப் போனாள்.

லியோனிலாவின் வீட்டு முன்னறையில் சவப்பெட்டி வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பூக்கள். வாசல் பந்தலில், துக்க வீட்டு வழக்கப்படி, நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் டின்னும் காப்பி ஃபிளாஸ்கும் கைமாறிக்கொண்டிருந்தன. தோரிங்கைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. அவள் முகத்தை அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

லியோனிலா ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண். நாற்காலியிலிருந்து எழவில்லை.

“டீச்சர், நான்தான்” என்றாள் தோரிங்.

“தெரியுது.”

“தப்புப் பண்ணிட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். புகாரை எடுத்துடுங்கன்னு கேக்க வரல.”

“எடுக்க மாட்டேன்.”

“எடுக்காதீங்க.”

எப்ரென் பெட்டி அருகே போய்ப் பெரியவர் முகத்தைப் பார்த்துச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். ஜோவெலின் கதவோரம் நின்றாள்.

“தம்பி எனக்கு ஃபோன் பண்ணினான்” என்றார் லியோனிலா. “‘அக்கா, அப்பா செத்துட்டாரா?’ன்னு கேட்டான். எடுத்த எடுப்புல அது ஒண்ணுதான். நான் சொல்ல வேண்டியத அவன் என்கிட்டக் கேட்டான். அப்பா ஆறு வாரமா ஆஸ்பத்திரியில இருக்கறதே அவனுக்குத் தெரியாது. வெறும் ஜுரம்னு சொல்லி வச்சிருந்தேன். சொன்னா பாதியில இறங்கி ஓடி வந்துடுவான்னு அப்பாதான் சத்தியம் வாங்கினாரு. இப்ப அவன் உங்களைத் திட்டல. என்னைத்தான் திட்டறான். உங்க மேல இருக்கற கோவத்துல பாதி என் மேல எனக்கு இருக்கற கோவம், தெரியுதா? மீதிப் பாதி உங்களுக்குத்தான்.”

“முழுசும் எனக்கே இருக்கட்டும் டீச்சர்.”

“அந்த மாதிரி அழகாப் பேசாதீங்க! அழகாப் பேசறதாலதான் ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்க. எங்கப்பா சீட்டு எழுதுவாருன்னு பக்கத்துலயே உக்காந்திருந்த எனக்கே தெரியாது. ஊரே தெரிஞ்சுக்கிட்ட பிறகு நான் தெரிஞ்சுக்கறேன்.”

தோரிங் தன் பையைத் திறந்தாள். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சிறு காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள். உணவுத் தட்டில் வைக்கும் மஞ்சள் சீட்டுகள், முதுகில் நடுங்கும் எழுத்து.

“இது உங்களுது. எங்கிட்ட இருந்திருக்கக் கூடாது.”

லியோனிலா வாங்கினார். முதல் சீட்டைப் படித்தார். ‘கஞ்சி நன்று. இஞ்சிக்கு என்ன பஞ்சம்?’ அடுத்தது: ‘நேற்று எழுதியதற்காக இன்று இவ்வளவு இஞ்சியா? நான் நோயாளி.’ மூன்றாவது: ‘இன்று சரியாக இருந்தது. கர்வப்பட வேண்டாம்.’

லியோனிலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கட்டை மார்போடு வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நான் மன்னிச்சாலும் தம்பிக்காக என்னால மன்னிக்க முடியாது. அவன் திங்கட்கிழமை வர்றான். அவன்கிட்ட நீங்க பேசிக்கணும். காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தார்கள். எங்கள் ஊரில் துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போக மாட்டோம். நடுவில் எங்கேயாவது ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் சாவு கூடவே வந்துவிடும் என்பார்கள். மூவரும் பேக்கரி வாசலில் நின்று ஆளுக்கொரு சூடான பன் தின்றார்கள். எப்ரென் மகளுடையதைப் பிய்த்து ஒரு வாய் எடுத்துக்கொண்டார். மத்தியானம் காட்டிய கோபத்துக்கு அவர் கேட்ட மன்னிப்பு அதுதான். அவளுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் மேடம் லிம்மின் கார் நின்றிருந்தது. மேடம் முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், எப்ரெனின் சண்டைச் சேவல் பார்த்துக்கொண்டிருக்க, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தோரிங், என்கிட்டச் சொல்லி அனுப்பினதைச் சொல்லிட்டுப் போயிடறேன்” என்றார். “மத்தியானம் இயக்குநர்கள் கூட்டம். உங்க பக்கத்தைத் திரையில போட்டுப் பாத்தாங்க.”

“சேர்ந்து உக்காந்தா? நான் கருவாடு வறுக்கறதையா?”

“அறுபதாயிரம் பேர்ங்கறதைத்தான் பாத்தாங்க. மெமோவை ஒரு எச்சரிக்கையோட முடிச்சுக்கலாமாம். பதிலுக்கு, பக்கம் இனிமே ஆஸ்பத்திரிப் பக்கமா இருக்கணும். மூலையில நம்ம சின்னம். என்ன பேசணும்னு வாராவாரம் எழுதி அனுப்புவாங்க. இருதயத்துக்கு நல்ல சாப்பாடு, புது ஸ்கேன் மெஷின், அந்த மாதிரி.”

எப்ரென் நிமிர்ந்தார். வேலை தப்பியது என்ற நிம்மதி அவர் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. தோரிங் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான்.

“அந்த வீடியோவ என்ன பண்ணணுமாம்?” என்று கேட்டாள் தோரிங்.

மேடம் லிம் கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார். “அது அப்படியே இருக்கட்டும்னாங்க. நல்லா ஓடுதாம். அதுலயும் சின்னத்தைப் போட்டுடலாம்னு...”

“மேடம்!” ஜோவெலின் எழுந்தேவிட்டாள். “அந்தக் குடும்பம் காலையிலதானே வந்து அழுதாங்க? நாலாவது பிரிவு எங்கம்மாவுக்கு மட்டுமா?”

“இதையே அந்தக் கூட்டத்துல நானும் கேட்டேன். இவ்வளவு சத்தமா இல்ல.”

தோரிங் எப்ரெனின் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு தேடினாள்.

“தோரிங்” என்றார் எப்ரென். “ரெண்டு லட்சம் பேரும்மா.”

“அதனாலதான்.”

அழுத்தினாள். பக்கத்திலிருந்து வீடியோ போனது. ஃபோனில் இருந்த மூலத்தையும் தேடிப் பிடித்து அழித்தாள். பிறகு மேடம் லிம் பக்கம் திரும்பினாள்.

“மேடம், ஆஸ்பத்திரியில நான் பாக்கறது ஆஸ்பத்திரியோட இருக்கணும். அதை நான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன், தப்பு. அதே மாதிரி என் வீட்டு அடுப்பு என் வீட்டோட இருக்கட்டும். அதை நீங்க அங்க தூக்கிட்டுப் போகாதீங்க. பக்கத்துல இனிமே என் கருவாடும் என் புருஷனும்தான் வருவோம். விசாரணையை நடத்துங்க. வந்து நிக்கறேன்.”

“வேலை போனாலும் போகலாம் தோரிங்.”

“தெரியும்.”

மேடம் லிம் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு, “சாப்பிட ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். “மத்தியானத்திலேர்ந்து ஒண்ணும் இறங்கல.”

இருந்தது. கத்தரிக்காயும் முட்டையும். மேடம் கையாலேயே சாப்பிட்டார். போகும்போது ஜோவெலினின் தோளை ஒரு தடவை தட்டிவிட்டுப் போனார். என்ன அர்த்தத்தில் என்று அவளுக்குப் புரியவில்லை.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் எப்ரெனின் கையில் ஃபோன் அதிர்ந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“தோரிங். அந்தப் பையன்.”

“எந்தப் பையன்?”

“நெஸ்டர். பக்கத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கான்.” அவர் பழைய கண்டக்டர் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தம் சொல்வது போலப் படித்தார்.

“‘மேடம், நான் உங்க வீடியோவ முழுசாப் பாக்கல. லைட்ஹவுஸ்னு நீங்க சொன்ன இடத்துல ஃபோனைக் கவுத்து வச்சிட்டேன். இப்ப மணிலாவுல இருக்கேன். மீதியப் பாக்கற தைரியம் இன்னிக்குத்தான் வந்துச்சு. தேடினா காணோம். எடுத்துட்டீங்களா? அப்பா சீட்டுல வேற என்ன எழுதுவாரு? நாளைக்குக் காலையில முதல் விமானத்துல வர்றேன். அக்காவுக்குத் தெரியாது, அவகிட்டத் திங்கட்கிழமைன்னு சொல்லியிருக்கேன். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களைப் பாக்கணும்.’”

அழித்துவிட்டது சரியா தவறா என்று யாரைக் கேட்பது? தோரிங் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கி, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக எதையோ அடித்தாள். நிறைய நேரம் எடுத்தது. அடித்ததை ஒரு முறை அழித்துத் திரும்ப அடித்தாள்.

ஜோவெலின் சொல்ல வேண்டியது அவள் நாக்கு நுனியில் இருந்தது: புகார் கொடுத்த குடும்பம், நடக்கப்போகும் விசாரணை, இன்று ஏற்கெனவே ஒரு தடவை மீறியாகிவிட்டது, இரண்டாவது தடவைக்கு யாரும் இதயக்குறி போட மாட்டார்கள். விடியற்காலை விமானம். அக்காவுக்குத் தெரியாமல். அம்மாவின் வேலை போய்விடும்.

அதையெல்லாம் அவள் சொல்வதற்குள் அம்மா ஃபோனை அவள் பக்கம் நீட்டினாள்.

“படிச்சுப் பாரு ஜோவி. இதை நான் அனுப்பலாமா?”

இத்தனை வருடத்தில், ஒன்றை எழுதிவிட்டு அனுப்புவதற்கு முன் அம்மா அவளைக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஜோவெலின் ஃபோனை வாங்கிப் படித்தாள்: ‘எடுத்தது நான்தான் தம்பி. அப்பாவோட சீட்டெல்லாம் அக்காகிட்ட இருக்கு, முதல்ல வீட்டுக்குப் போங்க, நான் அங்க வர்றேன்.’ முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.